கரும்புக்காட்டுக் கல்மேடுகள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

நான் திருநெல்வேலிக்காரன். நான்கு வருடமாக மொரீஷியஸில் எபேன் என்ற ஊரில் மென்பொருள் வேலை. நீங்கள் 58 வயதில் ஸ்கைடைவிங் செய்தது பற்றி எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்கும் அந்த ஆசை வந்தது.

இதுவரை மூன்று நாடுகளில் குதித்துவிட்டேன். துபாயில் பனைமரத் தீவுக்கு மேலே 13,000 அடி. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் 11,000 அடி. சென்ற மாதம் இங்கே மொரீஷியஸின் வடக்கில் 10,000 அடி. என் மதிப்பெண்: துபாய் 10, தென்னாப்பிரிக்கா 8, மொரீஷியஸ் 6. தென்னாப்பிரிக்காவில் தரையிறங்கும்போது பயங்கர வேகம், பின்பக்கம் தேய்ந்துவிட்டது. இங்கேயோ அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு பக்கம் கடல், மற்றபடி வெறும் கரும்பு. கரும்புக்கு நடுவே வரிசையாகக் கறுப்புக் கல்மேடுகள் தெரிந்தன. சமாதிகளா என்று பயிற்றுநரிடம் கேட்டேன், தெரியாது என்றார்.

குதிக்கும்போது லெ மோர்ன் மலையிலிருந்து குதித்த அடிமைகளின் நினைவு வந்தது. கடைசி நொடியில் அவர்களும் இந்தச் சுதந்திரத்தைத்தான் உணர்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. பாராசூட் விரிந்ததும் ஏனென்று தெரியாமல் அழுதேன். வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிட்டேன்.

அடுத்து பக்கத்துத் தீவு ரெயூனியனா, சுவிட்சர்லாந்தா? கொடுக்கும் காசுக்கு எது பெறும்? நவம்பரில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். வயது 61. அவரையும் குதிக்கவைக்கலாமா?

ர., எபேன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் எங்கள் ஊரில் ஒரு கல்மேட்டை இயந்திரம் வைத்து இடித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், உங்கள் கடிதத்தில் ‘கறுப்புக் கல்மேடுகள்’ என்ற சொல்லைக் கண்டேன். இல்லையென்றால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

முதலில் லெ மோர்ன். அந்த வரியை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. 1835 பிப்ரவரி 1 அன்று இந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல மலைக்கு ஆள் வந்தபோது, தங்களைப் பிடித்துப்போகத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, மறுபடி விலங்கில் மாட்டுவதைவிடச் சாவதே மேல் என்று குதித்தார்கள் என்பது இங்கே வாய்வழியாக வரும் கதை. உங்கள் முதுகோடு ஒரு பயிற்றுநரைக் கட்டியிருந்தார்கள். அவர் முதுகில் இரண்டு பாராசூட்டுகள். அவர் மயங்கியே விழுந்தாலும் குறித்த உயரத்தில் தானாகவே விரித்துவிடும் ஒரு கருவி. மலையில் நின்றவர்களுக்குக் கீழே பாறைதான் இருந்தது. ஒவ்வொரு பிப்ரவரி 1 அன்றும் அந்த அடிவாரத்துக்கு வரும், அடிமைகளின் வழிவந்த ஒரு கிரியோல் பாட்டியின் முகத்தைப் பார்த்து உங்கள் வரியை வாசித்துக் காட்டுவீர்களா? அடுத்த வீட்டு இழவில் போய் நம் வீட்டுக் கல்யாணத்தைப் பேசக் கூடாது என்று உங்கள் அம்மா சொல்லித் தந்திருப்பார். இதற்கு மேல் திட்டவில்லை.

அடுத்தது மதிப்பெண். 13,000 அடிக்கு 10, 11,000 அடிக்கு 8, 10,000 அடிக்கு 6. நீங்கள் நாடுகளுக்கு மதிப்பெண் போடவில்லை, விமானம் ஏறிய உயரத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். இருவர் சேர்ந்து குதிக்கும்போது தரைக்கு மேல் ஏறத்தாழ 5,000 அடியில் பாராசூட்டை விரித்துவிடுவார்கள். அதற்கு முன்பே ஒரு சின்னக் குடைத்துணியை வெளியே விட்டு, விழும் வேகத்தை மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் பிடித்துவைப்பார்கள். அது இல்லாவிட்டால் இரண்டு உடல்களின் எடை இன்னும் வேகமாக இழுக்கும். அந்த வேகத்தில் 3,000 அடியைக் கடக்கப் பதினாறு பதினேழு நொடி ஆகும். துபாய்க்கும் எங்கள் தீவுக்கும் நீங்கள் வைத்த நான்கு மதிப்பெண் வித்தியாசம் இந்தப் பதினேழு நொடிதான்.

ஜோஹன்னஸ்பர்க்கில் பின்பக்கம் தேய்ந்ததற்கு அந்த நாட்டைக் குறை சொல்ல வேண்டாம். அங்கே தரையே கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, பாராசூட் வேகமாகத்தான் ஓடும். என் மகன் அங்கே 200 தடவைக்கு மேல் குதித்தவன், அவன் சொன்னது இது. கடலோரத்தில் பழகியவர்கள் அங்கே போய் முதல் நாள் புல்லில் சறுக்குவார்களாம். விமானத்தை விட்டு வெளியே வரும்போது வயிற்றைப் பிசையவில்லையே என்று சிலர் ஏமாந்துபோவதும் இப்படித்தான். விமானம் முன்னே ஓடும் வேகம் நம் உடம்பிலும் இருக்கிறது. ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாக விழுதலாக மாறுவதால் வயிறு பதறுவதில்லை. சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் பக்கம் ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கவிடுகிறார்கள். அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்தால் வயிறு தொண்டைக்கு வரும். அது வேண்டுமென்றால் அங்கே போங்கள். ரெயூனியனில் பித்தோன் தெ நேஜ் மலை 3,070 மீட்டர், 10,000 அடிக்குக் கொஞ்சம் அதிகம். இங்கே நீங்கள் குதித்த உயரத்தில் அங்கே மலையுச்சி உங்கள் கண்ணுக்கு நேராக நிற்கும். காசுக் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுவதற்கு நாடு கிடையாது, தம்பி. அந்த அரை நிமிடமோ ஒரு நிமிடமோ, காற்று கன்னத்தை அடிக்கும், காதில் இரைச்சல், மூச்சை இழுப்பதே ஒரு வேலை. எந்த மண்ணுக்கு மேலே விழுந்தாலும் இதேதான். பாராசூட் விரிந்து, ஹார்னஸ் தொடையை இறுக்கி, அந்த இரைச்சல் சட்டென்று நின்றுபோகும் பாருங்கள், அங்கேதான் நாடு தொடங்குகிறது. அதற்குப் பிறகு ஐந்து ஆறு நிமிடம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் நீங்கள் வெட்டிப்போட்ட அழுகை.

அதை ஏன் வெட்டினீர்கள்? நானும் அழுதேன். அத்தனை சத்தத்துக்குப் பிறகு அந்த மௌனத்தில் உடம்பு தன் பிடியை விட்டுவிடுகிறது. நிறையப் பேர் அழுவார்கள் என்று மகன் சொன்னான். அது வெட்கப்படக்கூடிய விஷயம் இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டாம் தடவை நான் எடுத்து வாசித்தது அந்த ஒரு வரிக்காகத்தான்.

நான் குதித்தது ஓர் ஆகஸ்ட் மாதம். தென்கிழக்குக் காற்று கொஞ்சம் அடங்கியிருந்த காலை. பாராசூட் விரிந்ததும் முதலில் கடல்தான் கண்ணில் பட்டது. பவளப்பாறையின் வெள்ளை விளிம்பு, அதற்கு உள்ளே பச்சை, வெளியே கருநீலம். அம்பர் தீவு தெரிந்தது, 1744இல் சேன் ஜெரான் கப்பல் மூழ்கியது அதன் பக்கம்தான். பிறகு கரும்பு. லாக்கூப், அதாவது கரும்பு வெட்டு, நடந்துகொண்டிருந்ததால் வெட்டிய நிலம் செம்மண்ணாகவும் வெட்டாதது பச்சையாகவும் கட்டம் கட்டமாகக் கிடந்தன. ஆலையின் வெல்ல வாடை மேலே வரைக்கும் வந்தது. இன்னும் தாழ வந்தபோது நாய் குரைப்பதும் லாரி ஹாரனும் கேட்டன. அந்தக் கட்டங்களுக்கு நடுவே நான் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த கல்மேடுகள். மேலே இருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

நீங்கள் கேட்ட சமாதிகள் அவைதான். சமாதி இல்லை, அங்கே யாரையும் புதைக்கவில்லை. இந்தத் தீவு எரிமலை கக்கியது. மண்ணுக்குள் மண் அளவுக்குக் கல். கரும்பு நட வேண்டுமென்றால் கல்லைப் பொறுக்க வேண்டும். தூரமாகக் கொண்டுபோய்ப் போட ஆளும் வண்டியும் வீண் என்று நிலத்துக்கு நடுவிலேயே குவித்தார்கள். குவியல் பரவினால் கரும்புக்கு இடம் போகும், அதனால் ஓரங்களைச் சுவர்போல அடுக்கி மேலே மேலே ஏற்றினார்கள். முதலில் அடிமைகள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். அப்படி இங்கே இறங்கியவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர், அதில் மதராஸ் பக்கத்திலிருந்து கப்பலேறிய நம்மவர்களும் உண்டு. பிற்பாடு அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அவர்களில் ஒருத்தி. வெட்டு இல்லாத மாதங்களில் அவளுக்குக் கல் பொறுக்கும் வேலை. சேலைக்கு மேல் கோணியைச் சுற்றிக்கொண்டு, தலையில் சும்மாடு வைத்து, கூடையில் கல். இத்தனை என்று தாஷ், அதாவது அன்றைய வேலையளவு, கொடுத்திருப்பான் சர்தார் என்கிற மேஸ்திரி. முடித்தால்தான் அன்றைய கூலி. “பெரிசு வெளியிலே, சின்னது உள்ளே, இடுக்கிலே பொடிசு” என்று ஆயா எனக்குச் சொல்லித் தந்திருக்கிறாள். வீட்டு முற்றத்தில் அப்படியே ஒரு சின்ன மேடு அடுக்கிக் காட்டியும் இருக்கிறாள். சுண்ணாம்பு கிடையாது, சிமெண்ட் கிடையாது. எத்தனையோ சூறாவளி வந்துபோயும் அந்த ஓரங்கள் சரியவில்லை.

ஆயாவின் உச்சந்தலையில் ஒரு ரூபாய் வட்டம் அளவுக்கு முடி இல்லை. சும்மாடு தேய்த்த இடம். சனிக்கிழமை அவளுக்கு எண்ணெய் வைப்பது என் வேலை. அந்த வட்டத்தில் விரல் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். வலிக்கிறதா என்று கேட்டால் “இல்லை, அங்கே கொஞ்சம் அதிகமா வை” என்பாள். பாராசூட்டில் தொங்கிக்கொண்டு அந்த மேடுகளைப் பார்த்தபோது எனக்கு வேறெதுவும் ஞாபகம் வரவில்லை. அந்த வட்டம்தான்.

தெற்கே பிளேன் மாஞியென் பக்கம் இப்படி ஏழு மேடுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரமிடுகள் என்கிறார்கள். பழங்காலத்தில் எங்கிருந்தோ யாரோ வந்து கட்டிவிட்டுப் போனதாகக் கதை சொல்பவர்களும் உண்டு. எனக்கு வரும் கோபத்துக்கு அளவே இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவி சுமந்த கல் என்று நம்ப மனம் வராது, எகிப்திலிருந்து ஆள் வரவேண்டும்! ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து வந்து இறங்கிய ‘அப்பிரவாசி காட்’ என்ற துறையை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது, லெ மோர்னை 2008இல். இரண்டுக்கும் நான் மகிழ்ந்தேன். ஆனால் அப்பிரவாசி காட்டின் 16 படிகளில் ஏறி வந்தவர்கள் மறுநாளிலிருந்து என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டால், எழுந்து நிற்கும் சாட்சி இந்தக் கல்தானே? இதற்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை.

2001இல் கடற்காயலில் மணல் அள்ளத் தடை வந்தது. நல்ல தடை, கடலைக் காப்பாற்றியது. அதிலிருந்து இங்கே வீடு கட்டக் கருங்கல்லை அரைத்த மணல்தான். நிலத்தின் சொந்தக்காரருக்குக் கல்மேடு இப்போது காசு. இடித்தால் கல்லும் விற்கும், இடமும் கிடைக்கும். எங்கள் ஊரில் அன்று காலை இடித்ததும் அதற்காகத்தான், அங்கே வில்லாக்கள் வரப்போகின்றன. அரை நாள் ஆனது. நீங்கள் குடியிருக்கும் எபேன் அடுக்ககத்தின் சுவரில் யாரோ ஒரு ஆயா சுமந்த கல் பொடியாகக் கலந்திருக்கலாம். கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இடிப்பதற்கு முன்னால் ஒரு படம், ஒரு அளவு, அந்த ஊர்க் கிழவர் ஒருவரிடம் பத்து நிமிடப் பேச்சு, இதற்குக்கூட நேரமில்லையா? நீங்கள் வீடியோவுக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். அதில் உங்கள் முகத்துக்குப் பின்னால், காலுக்குக் கீழே, அந்த மேடுகள் பதிவாகியிருக்கும். வெட்டிய பகுதியை அழித்துவிட்டீர்களா, வைத்திருக்கிறீர்களா? இருந்தால் எனக்கு அனுப்புங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அன்று காலை போன மேடு அதில் இருக்கலாம்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் அவரைக் கேளுங்கள், உங்கள் ஆசைக்காகத் தலையாட்டுகிறாரா என்று பாருங்கள். ரத்த அழுத்தம், இதயம், முதுகு இவற்றை மருத்துவரிடம் காட்டாமல் கூட்டிப்போகாதீர்கள். தரையிறங்கும்போது இரண்டு காலையும் நீட்டித் தூக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கணுக்கால் போய்விடும். நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் நீட்டி, கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால் வேண்டாம், கீழே நின்று உங்களைப் பார்க்கட்டும். முடிந்தால், பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பாராசூட் விரிந்ததும் வட்டம் சுழற்ற வேண்டாம், மெதுவாக, நேராக இறக்குங்கள் என்று. சுழற்றினால் பெரியவர்களுக்குக் குமட்டும், எதையும் பார்க்கவும் முடியாது. கண்ணாடி போடுபவர் என்றால் அதன் மேலேயே போடக்கூடிய பெரிய காற்றுக்கண்ணாடி கேட்டு வாங்குங்கள்.

நவம்பர் நல்ல மாதம். அதற்குள் பெரும்பாலும் வெட்டி முடித்திருப்பார்கள், மேடுகள் செம்மண்ணில் தனித்து நிற்கும். உச்சியில் சூலமும் சிவப்புக் கொடியும் உள்ள மேடு ஒன்று இன்னும் இருக்கிறது. முனீஸ்வரன் இருப்பதால் இயந்திரக்காரர்கள் தொடவில்லை. ஆயா கல் சுமந்த மேடுகளில் அதுவும் ஒன்று. கடலைப் பார்த்து இறங்கினால் வலக்கைப் பக்கம் வரும். அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.