பெரியப்பா ஏன் வில்லன் ஆனார்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எங்கள் வீடு கிளிநொச்சிப் பக்கம். 2009 மாசியில், கடைசிப் போர் நேரம், புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளன் பக்கமாகச் சனத்தை இவர், என் கணவர், லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரத்தில் ஏற்றி இறக்கினார். நான் காயக்காரருக்குக் கட்டுப் போட்டேன். ஊரில் இன்றைக்கும் எங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. இவருடைய ஒன்றுவிட்ட அண்ணர் மட்டும் எங்களோடு கதைப்பதில்லை. அவருடைய ஒரே மகளை அடுத்த நடையில் ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு இவர் போனார். திரும்பி வருவதற்குள் பங்கரில் செல் விழுந்துவிட்டது. "நீ நினைச்சிருந்தா அவள் இண்டைக்கு உயிரோட இருப்பாள்" என்று நாலு பேர் கூடும் இடமெல்லாம் சொல்லுவார். இவர் தலைகுனிந்து நிற்பார்.

இப்போது எங்கள் பதினான்கு வயது மகன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாடகம் எழுதியிருக்கிறான். சூப்பர் ஹீரோக்களான ஒரு கணவனும் மனைவியும். மகளைப் பறிகொடுத்த துயரத்தில் அவர்கள்மேல் பழிபோட்டு ஊரையே அழிக்க வரும் ஒரு வில்லன். வில்லனின் நடை, தோள் சால்வை, பேச்சு எல்லாம் பெரியப்பாவுடையவை. கடைசியில் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். வாசித்த நாளிலிருந்து இவருக்கு நித்திரை இல்லை. நாடகத்தை நிறுத்தச் சொல்லவா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவன் எழுதிவிட்டான். பறித்தால், இதைப் பேசவே கூடாது என்றுதான் அவனுக்கு விளங்கும்.

செல் அடித்தவனின் முகம் அண்ணருக்குத் தெரியாது. அவனிடம் போய்க் கேட்கவும் முடியாது. தெரிந்த முகம் தம்பியுடையது. கோபம் இருக்கும்வரை மகளுக்காக ஏதோ செய்துகொண்டிருப்பதாக அவருக்கு இருக்கும். அதை விட்டால் அவளையே கைவிட்டதாகிவிடும் என்ற பயமும் இருக்கும். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி எழுதியபோது, குடும்பமும் ஊரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கை உடைந்ததையும் சேர்த்தே சொன்னார். உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடப்பது அந்த உடைவு.

எனக்கு அதிகம் கவலை உங்கள் கணவரைப் பற்றித்தான். அவர் மறுக்காமல் நிற்பதைப் பொறுமை என்று நினைக்காதீர்கள். அண்ணர் சொல்வதை அவரும் நம்புகிறார் போலிருக்கிறது. ஊர் அவரைப் புகழ்கிறது, அண்ணர் பழிக்கிறார். எல்லாரையும் காப்பாற்றும் சக்தி அவருக்கு இருந்தது என்ற எண்ணம் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. அப்படி ஒன்றும் இருக்கவில்லை. இருந்தது ஒரு லாண்ட்மாஸ்டரும் சனம் நிறைந்த றோட்டும். யாரை முதலில் ஏற்றியிருந்தாலும் வேறொருவர் அடுத்த நடைக்குக் காத்திருந்திருப்பார்.

இதை இருவருமாக மகனுக்குச் சொல்லுங்கள். அன்று உங்களுக்கு இருந்த பயத்தையும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை அவனுக்கு அக்கா முறை. அவள் எப்படிக் கதைப்பாள், எதற்குச் சிரிப்பாள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியட்டும். அப்புறம் கடைசிக் காட்சியை அவனே மாற்றக்கூடும், கட்டாயப்படுத்த வேண்டாம். சால்வையையும் நடையையும் மட்டும் மேடையேறுமுன் எடுத்தே ஆகவேண்டும். ஊருக்கு முன்னால் அவரை அப்படி நிறுத்துவது கொடுமை.

அண்ணரிடம் நியாயம் பேசப் போகாதீர்கள். அவளுடைய திவசத்துக்கு உங்கள் கணவர் போய், "அவளை நானும் நினைக்கிறன் அண்ணை" என்று மட்டும் சொல்லட்டும். ஏசினால் கேட்டுக்கொள்ளலாம், "நான்தான் காரணம்" என்று ஒத்துக்கொள்ளக்கூடாது. அவர் படலையைத் திறக்காமலும் விடலாம்.

நித்திரை இன்னும் இரண்டு கிழமையில் சரிவராவிட்டால் உங்கள் கணவரை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அதற்கு முன்பே தாங்கமுடியாமல் போனால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.