சிறிய மீன்பிடிப் படகுக்கு ஏற்ற சாமான் பெட்டிகளை நாமே செய்ய முடியுமா?

கேட்டவரிடம் இருப்பது 14 அடி நீளமுள்ள திறந்த படகு. தூண்டில் சாமான், கயிறு, பேட்டரி, ஐஸ் என்று எல்லாம் காலடியில் உருள்கின்றன. ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டிகள் படகின் வளைவுக்குப் பொருந்தவில்லை. ஒட்டுப்பலகையில் தானே செய்தால் தண்ணீர் புகாதபடி எப்படிச் செய்வது என்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். நேராக அறுக்கவும் பொறுமையாகப் பூசவும் தெரிந்தால் போதும். ஆனால் "தண்ணீர் புகாதபடி" என்ற இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். திறந்த படகில் அலை தெறிக்கும், மழை பெய்யும், ஈரக் கயிற்றை அப்படியே உள்ளே போடுவீர்கள். எவ்வளவு இறுக்கமான மூடி போட்டாலும் பெட்டிக்குள் தண்ணீர் வந்தே தீரும். வந்த தண்ணீர் உடனே போக வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு சின்னக் கணக்கு. 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரமுள்ள பெட்டியின் கொள்ளளவு 126 லிட்டர். அது நிரம்பினால் 126 கிலோ. அதுவும் அசையாத பாரம் அல்ல. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை இன்னும் கூட்டும் பாரம். ஆகவே பேட்டரிப் பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பின்புற மூலைகள் இரண்டிலும் அடிமட்டத்தில் 20 மி.மீ. துளை போடுங்கள். படகு ஓடும்போது முன்பக்கம் சற்றுத் தூக்கியிருப்பதால் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். பெட்டி படகின் தரையில் நேரடியாக உட்காரக் கூடாது. அடியில் 15 மி.மீ. கனத்தில் இரண்டு சட்டங்கள் கொடுங்கள். அந்தச் சட்டங்கள் படகின் நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே வைத்தால் தரையில் ஓடும் தண்ணீருக்கு அணை கட்டியது போலாகிவிடும்.

அடுத்தது எடை. நடுத்தர அடர்த்தியுள்ள ஒட்டுப்பலகை கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ இருக்கும். மேலே சொன்ன பெட்டியை 12 மி.மீ. பலகையில் செய்தால் வெறும் மரமே கிட்டத்தட்ட 12 கிலோ. 6 மி.மீ. பலகையில் செய்தால் அதில் பாதி. பக்கங்களுக்கு 6 மி.மீ. தாராளமாகப் போதும், மூலைகளும் விளிம்புகளும் பலமாக இருந்தால் நடுப்பலகை கனமாக இருக்க வேண்டியதில்லை. மேலே ஏறி நிற்கப் போகிறீர்கள் என்றால் மூடிக்கு மட்டும் 12 மி.மீ. போட்டு, அடியில் ஒரு குறுக்குச் சட்டம் ஒட்டுங்கள். பலர் எல்லாவற்றையும் கனமான பலகையில் செய்துவிட்டு, படகு முன்போல் ஓடவில்லையே என்று எஞ்சினைக் குறை சொல்வார்கள்.

பலகை வாங்கும்போது பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரம் குறிப்பிட்ட மரைன் பிளைவுட் (படகு வேலைக்கான ஒட்டுப்பலகை) கிடைத்தால் நல்லது. அதன் சிறப்பு பசையில் மட்டும் இல்லை. உள் அடுக்குகளில் இடைவெளி இல்லாமல் இருப்பதுதான் உண்மையான பயன். சாதாரணப் பலகையில் உள்ளே ஒரு பொந்து இருந்தால் அங்கே தண்ணீர் தங்கி, வெளியே தெரியாமலே மட்கும். உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் மட்கச் செய்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள். நாள் முழுக்க அலையில் நனைந்த பெட்டியைவிட, கரையில் மூடிக் கிடந்து மழை ஒழுகிய பெட்டி முதலில் கெடும்.

அளவெடுப்பதற்கு ரசமட்டத்தை நம்பாதீர்கள். டிரெய்லரிலோ மணலிலோ நிற்கும் படகு மட்டமாக நிற்காது. முன்முனையின் நடுவிலிருந்து பின்பலகையின் நடு வரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். எல்லா அளவும் அந்த நூலிலிருந்துதான். பக்கச் சுவரின் வளைவுக்கு ஓர் அட்டையை நிறுத்தி வைத்து, காம்பஸின் கூர்முனையைச் சுவரை ஒட்டி நகர்த்தினால் பென்சில் அதே வளைவை அட்டையில் வரைந்துவிடும். காம்பஸை ஒரே கோணத்தில் பிடித்திருப்பது முக்கியம். கை திரும்பினால் வளைவும் திரும்பும். அட்டையிலேயே முழுப் பெட்டியையும் ஒட்டிப் படகில் வைத்து, உட்கார்ந்து, துடுப்பு போட்டு, எஞ்சின் கயிற்றை இழுத்துப் பாருங்கள். முழங்கால் எங்கே இடிக்கும், முழங்கை எங்கே மோதும் என்பது அப்போதுதான் தெரியும். பலகையை அறுப்பது அதற்குப் பிறகு.

அட்டை வார்ப்பு சுவரோடு கச்சிதமாகப் பொருந்தினாலும் பலகையை அப்படியே அறுக்க வேண்டாம். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். படகின் பக்கங்கள் அலையில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஃபைபர் படகில் பெட்டியின் கூரான விளிம்பு ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் வெளிப்பூச்சில் அங்கே வெடிப்பு விழும். மரப் படகில் அந்த இடைவெளி வழியாகக் காற்று போகும்.

மூலைகளைச் சேர்க்க எபாக்ஸிதான் என் தேர்வு; ரெசினையும் இறுக்கியையும் கலந்தால் கெட்டியாகும் பசை அது. பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு, ஆனால் மரத்தோடு அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது. பலகைகளைத் தற்காலிகமாகத் திருகாணியால் நிறுத்தி, உள்மூலையில் மரத்தூள் கலந்து குழைத்த எபாக்ஸியை வளைவாகப் பூசி, மேலே ஃபைபர் துணிப் பட்டை ஒட்டினால் சட்டம் இல்லாமலே மூலை நிற்கும். நெய்த துணியாக வாங்குங்கள். வெட்டிய இழைகளைப் பொடிப் பசையால் சேர்த்த பாய், பாலியெஸ்டரில் கரைந்து படிவதற்காகச் செய்தது; எபாக்ஸியில் அந்தப் பசை கரையாமல் விறைப்பாகவே நிற்கும். கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றி வையுங்கள். ஆழமான டப்பாவில் நிறையக் கலந்தால் தன் சூட்டிலேயே புகைந்து இறுகிவிடும்.

முழுப் பெட்டிக்கும் மூன்று பூச்சு. அதிலும் பலகையின் அறுத்த விளிம்புகளுக்கு ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். தண்ணீர் குடிப்பது விளிம்புதான், முகம் அல்ல. காய்ந்த எபாக்ஸியின் மேல் மெழுகு போன்ற ஒரு வழவழப்பு படியலாம். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த பூச்சு ஒட்டாது. வெயிலில் எபாக்ஸி கெட்டுப்போகும் என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம் வேண்டும். மூடியில் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே நுண்மணலைத் தூவி, காய்ந்தபின் இன்னொரு கை அடித்தால் கால் வழுக்காது. தண்ணீர்த் துளைக்கும் ஆணித் துளைக்கும் ஒரே முறை: தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் அடைத்து, இறுகியபின் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். பிறகு துளையின் சுவர் மரமாக இருக்காது.

மூடியின் கீலைப் படகின் முன்பக்கம் பார்த்த ஓரத்தில் வையுங்கள். வேகமாகப் போகும்போது எதிர்காற்று மூடியைத் திறக்காமல் அழுத்தி மூடும். மூடியின் ஓரம் பெட்டிச் சுவருக்கு வெளியே 25 மி.மீ. கீழே இறங்கட்டும். ரப்பர் பட்டையைவிட இந்த இறக்கம்தான் தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கிறது. கீலும் போல்ட்டும் உப்புத் தண்ணீருக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

உங்களுடையது அலுமினியப் படகு என்றால் இரண்டு எச்சரிக்கைகள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் அலுமினியத்தை நேராகத் தொட்டு, நடுவில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். நைலான் வாஷரும் உறையும் போடுங்கள். செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரத்தை அலுமினியத்தின் மேல் வைக்கவே வேண்டாம். அதுவும் அதே வேலையைச் செய்யும்.

பேட்டரிப் பெட்டி தனி. ஈய அமில பேட்டரி மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜனை வெளியிடும். அது காற்றைவிட லேசானது, ஆகவே காற்றுத் துளை மேலே இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவியோ கனமானது, அடியில் தேங்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் மூடி வைப்பதைவிட ஆபத்தான ஏற்பாடு படகில் வேறு இல்லை.

ஐஸ் பெட்டிக்குப் பலகையின் கனம் பயன்படாது, நுரைப்பலகையின் கனம்தான் பயன்படும். 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மேலே சொன்ன அதே அளவுப் பெட்டியில், வெளியே 30 டிகிரி வெப்பம் இருக்கும்போது, 50 மி.மீ. நுரைப்பலகை போட்டால் சுவர் வழியாக நுழையும் வெப்பத்துக்கு ஒரு நாளில் ஏழு, எட்டு கிலோ ஐஸ் கரையும். 25 மி.மீ. போட்டால் அதைப் போல இரண்டு மடங்கு. தண்ணீர் குடிக்காத மூடிய அறை நுரையாக, அதாவது உள்ளே உள்ள குமிழ்கள் ஒன்றோடொன்று திறக்காமல் தனித்தனியே மூடியிருக்கும் நுரையாகப் பாருங்கள். ஈரம் ஏறிய நுரை வெப்பத்தைத் தடுக்காது. இந்தப் பெட்டியின் துளைக்கு மட்டும் ஓர் அடைப்பான் வேண்டும். உள்ளே ஒரு தட்டி போட்டு, மீன் உருகிய தண்ணீரில் ஊறாமல் பாருங்கள்.

வைக்கும் இடத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஐஸ், பேட்டரி போன்ற கனமானவை நடுவில், தாழ்வாக. தக்கை, தூண்டில் நரம்பு, துணி போன்றவை முன்பக்கம். பெட்டிகளைப் படகின் ஓட்டில் துளைத்து மாட்டாதீர்கள். தரையில் மரத் துண்டுகளை எபாக்ஸியால் ஒட்டி, அவற்றில் வளையம் பொருத்தி நாடாவால் இறுக்கினால் கழற்றிக் கழுவவும் வசதி. உயிர்காப்பு அங்கிகளை மட்டும் எந்தப் பெட்டிக்குள்ளும் போட்டுப் பூட்ட வேண்டாம். பெயின்ட் அடிப்பதற்கு முன்பு ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் நிரப்பி, ஆட்களும் ஏறி, கரையோரத் தண்ணீரில் படகு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் மரத் துண்டுகளை ஒட்டும் முன்பே இடம் மாற்றிவிடலாம்.