மரத்தில் செதுக்கும் பொய்மீனின் வயிற்றில் ஏன் ஈயம் வைக்கிறார்கள்?

பொய்மீன் என்பது சின்ன மீன் போலச் செதுக்கித் தூண்டில் முள் மாட்டிய செயற்கை இரை. லூர் என்றும் சொல்வார்கள். உருண்டையான மரக்கட்டை மிதக்கும், ஆனால் இழுத்தால் உருளும். அடிவயிற்றில் துளையிட்டு ஈயத்துண்டு பதித்தால் எடை கீழே இறங்கி, முதுகு மேலேயே நிற்கும். சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும் அடி கனத்த பொம்மையின் கணக்குதான் இதுவும்.

பால்சா மாதிரி லேசான மரத்துக்கு ஈயம் கூடுதலாகத் தேவைப்படும். துளையிடும் முன் முள், வளையம் எல்லாம் மாட்டி, ஈயத்தை ரப்பர் பேண்டால் கட்டி, வாளித் தண்ணீரில் விட்டு, ஈயம் எங்கே இருந்தால் சரியாக மிதக்கிறது என்று அதை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். வேலையிலேயே சுவாரசியமான பகுதி இதுதான். (அப்புறம் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள், ஈயம் நஞ்சு.)

பொய்மீனை மூழ்கடிக்கத்தான் ஈயம் என்று பலர் நினைக்கிறார்கள். மிதக்கும் வகைப் பொய்மீனில் அந்த வேலையைச் செய்வது வாயடியில் சாய்வாகச் செருகிய தகடு: இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதித் தலையைக் கீழே அழுத்தும், இழுப்பதை நிறுத்தினால் மேலே வந்துவிடும்.