முதல் கத்தி, முதல் முடிச்சு: கருத்தடை அறுவை குறித்து இளம் கால்நடை மருத்துவர்கள் கேட்டவை

நாய், பூனைகளுக்கான கருத்தடை அறுவையில் கை பழகுவது எப்படி என்று இறுதியாண்டு மாணவர்களும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த நிறுவனத்தின் கத்தி நல்லது என்று கேட்ட மூவரும் மன்னிக்கவும். கூராக இருந்தால் போதும்.

கேள்வி: கல்லூரியில் ஆறு பேருக்கு ஒரு நாய் என்று அறுவை வகுப்பு நடந்தது. நான் பக்கத்தில் நின்று காஸ் துணி எடுத்துக் கொடுத்ததுதான் என் அனுபவம். இப்போது வேலையில் சேர்ந்திருக்கிறேன். எதில் தொடங்குவது, டாக்டர்?

பதில்: ஆண் பூனையில். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, விதைப்பை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, தவறு நேர்ந்தாலும் கண்ணெதிரே நேரும். அடுத்தது இளம் ஆண் நாய். பிறகு பெண் பூனை. அதன் பின்னரே பெண் நாய். அதிலும் முதல் சில, ஒல்லியான, இன்னும் சினைப்பருவம் வராத இளம் நாய்களாக இருக்கட்டும்.

பெண் பூனைக்குப் பிறகு பெண் நாய் என்பதற்குக் காரணம் உண்டு. பூனையின் சினைப்பை மெல்ல இழுத்தாலே மேலே வந்துவிடும். சினைப்பையைத் தாங்கி, அதன் ரத்தக்குழாயைச் சுமக்கும் காம்பில் கொழுப்பு குறைவு, ரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரியும். நாயின் சினைப்பையோ சிறுநீரகத்துக்கு அருகே, கொழுப்புக்குள் புதைந்து, இறுகிய நாரால் கட்டப்பட்டுக் கிடக்கும். அதனால்தான் வெட்டும் இடமும் மாறுகிறது. நாயில் தொப்புளுக்குச் சற்றுப் பின்னாலேயே தொடங்குகிறோம், சினைப்பையை எட்ட வேண்டும் என்பதற்காக. பூனையில் இன்னும் பின்னால் தள்ளி வெட்டுகிறோம், கருப்பையின் உடல் பகுதியை எட்டுவதே அங்கே கடினம் என்பதால். இந்தக் காரணம் புரியாமல் தொப்புளிலிருந்து எத்தனை விரற்கடை என்று மனப்பாடம் செய்தவர்கள் இரண்டிலும் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சினைப்பருவத்தில் இருப்பது, கருவுற்றது, பருத்தது, மார்புக்கூடு ஆழமான பெரிய இனம், கருப்பையில் சீழ் பிடித்தது, விதை இறங்காத ஆண் நாய் ஆகியவை முதல் ஆண்டில் உங்களுக்கு உரியவை அல்ல. அவற்றில் உதவியாளராக நில்லுங்கள்.

கேள்வி: நான் வேலை செய்யும் மருத்துவமனையில் மூத்த மருத்துவர் கத்தியைக் கையில் தருவதே இல்லை. எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வேறு இடம் பார்க்கட்டுமா?

பதில்: முதலில் கேட்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். "ஓர் அறுவையை நான் செய்யட்டுமா" என்று கேட்டால், நேரமும் பொறுப்பும் நினைவுக்கு வந்து எவரும் தயங்குவார்கள். "இன்று தோலை மட்டும் நான் தைக்கிறேன்" என்று கேளுங்கள். மறுக்கும் மனிதர் அரிது.

தோலிலிருந்து வயிற்றுச் சுவரின் நடுக்கோட்டு வெண்பட்டைக்குப் போங்கள். தையலைத் தாங்கும் அடுக்கு அதுதான். அதைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவரிடம் திறக்கும் வேலையும் தானாக வந்து சேரும். அடுத்து, "ஒரு பக்கச் சினைப்பையை நீங்கள் எடுங்கள், மற்றதை நான் எடுக்கிறேன்" என்று கேட்கலாம். அப்போது இடப்பக்கத்தைக் கேளுங்கள். வலது சினைப்பை இடதைவிட முன்னால், விலாவுக்குள் ஒளிந்திருக்கும். பாதி உதவியோடு செய்யும்போது எளிய பாதியை எடுத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

இப்படித் துண்டு துண்டாகப் பழகியவருக்கு முதல் முழு அறுவை என்று ஒன்று தனியாக வருவதே இல்லை. ஒரு நாள் பார்த்தால் எல்லாத் துண்டுகளையும் அவரே செய்து முடித்திருப்பார். இதற்கும் மசியவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். எட்டு மாதம் கொஞ்சமில்லை.

கேள்வி: வீட்டில் எப்படிப் பயிற்சி செய்வது? விலை உயர்ந்த மாதிரி உருவங்களை வாங்க முடியாது.

பதில்: தேவையும் இல்லை. தையலுக்குத் தடித்த துணியும் பஞ்சு மெத்தைத் துண்டும் போதும். வாழைப்பழத் தோலில் தைத்துப் பாருங்கள். ஊசியை வளைவோடு சுழற்றாமல் நேராகத் தள்ளினால் தோல் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை முடிச்சுக்குக் கொடுங்கள். தையல் கோணினால் தழும்பு அழகாக இராது, அவ்வளவுதான். காம்பின் முடிச்சு நழுவினால் உயிர் போகும். இரண்டு சுற்றையும் எதிரெதிர்த் திசையில் போடும் சதுர முடிச்சு எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். பத்து முடிச்சுகளைப் போட்டுவிட்டு உருப்பெருக்கியில் பாருங்கள். கை மாற்றாமல் இழுத்த நழுவு முடிச்சுகள் எத்தனை என்று எண்ணினால் தூக்கம் வராது.

மெல்லிய ரப்பர் குழாயில் தண்ணீர் ஓட விட்டு அதைக் கட்டுங்கள். சொட்டு நின்றதா? அடுத்து, அந்தக் குழாயைச் சுற்றி ஈரப் பஞ்சைக் கொழுப்புபோலச் சுருட்டி வைத்துக் கட்டுங்கள். இப்போது சொட்டும். கொழுத்த காம்பில் நடப்பது இதுதான்: நூல் கொழுப்பை நெரிக்கிறது, ரத்தக்குழாயை எட்டுவதில்லை. முதல் சுற்றை இரட்டையாக முறுக்கும் 'சர்ஜன் முடிச்சு' பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். தடித்த காம்பில் அதன் உராய்வே முழுவதும் இறுகவிடாமல் தடுத்துவிடும். அந்த இடத்துக்கு மில்லர் முடிச்சைப் பழகுங்கள்; நூல் காம்பை இருமுறை சுற்றித் தன்னையே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முடிச்சை இறுக்கும் நொடியில், காம்பை நசுக்கிப் பிடித்திருக்கும் இடுக்கியான கிளாம்பை உதவியாளர் தளர்த்தினால், நசுங்கிய பள்ளத்தில் நூல் போய் உட்காரும். இந்த இருவர் தாளத்தையும் வீட்டில் பழகலாம். தம்பியோ தங்கையோ கிளாம்ப் பிடிக்கட்டும்.

இதையெல்லாம் கையுறை அணிந்து, விரலில் சோப்பு நீர் தடவிக்கொண்டு, உயரமான ஒரு குவளைக்குள், குவளையின் விளிம்பில் கை படாமல் செய்யுங்கள். மேசையின் மேல் அழகாக விழும் முடிச்சு வயிற்றின் ஆழத்தில் விழும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை.

கேள்வி: சினைப்பையைப் பிடித்திருக்கும் தாங்கு நாரை அறுக்கும்போது ரத்தக்குழாயும் சேர்ந்து கிழிந்துவிடுமோ என்று பயம். அந்த இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது.

பதில்: அந்த இடத்தில் பயப்படாதவரைக் கண்டால்தான் எனக்குப் பயம். நார் சினைப்பையிலிருந்து முன்னோக்கி, உடலின் மேற்சுவரை நோக்கி ஓடுகிறது. ரத்தக்குழாய் அதற்குச் சற்று உட்புறமாக இருக்கிறது. சுட்டுவிரலை நாரின் முன்விளிம்பில், உடற்சுவருக்குக் கூடியவரை அருகில் வைத்து, பின்னோக்கியும் வெளிநோக்கியும் அழுத்துங்கள். எல்லோரும் செய்யும் பிழை, சினைப்பையை நேரே மேல்நோக்கி இழுப்பது. அப்போது பாரம் முழுவதும் ரத்தக்குழாயின் மீது விழுகிறது. நார் நன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தால் கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம். விரலால் அறுத்தால்தான் வீரம் என்று எந்த நூலிலும் எழுதவில்லை.

இன்னொன்று. மயக்கம் ஆழமில்லாத விலங்கு இந்த நொடியில்தான் மூச்சை வேகமாக்கும், சில வேளை அசையும். நாரைத் தொடுமுன் மயக்கத்தைக் கவனிப்பவரிடம் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

கேள்வி: காம்பு நழுவி உள்ளே போய்விட்டால் என்ன செய்வது? தயவுசெய்து விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்: என் எட்டாவது பெண் நாயில் வலது காம்பு நழுவியது. வயிற்றில் ரத்தம் நிறைந்தது. நான் காஸை அள்ளி அள்ளித் திணித்தேன், கிளாம்பைக் கண்ட இடத்தில் கவ்வவிட்டேன். மூத்தவர் அடுத்த அறையிலிருந்து வந்து சொன்ன முதல் சொல், "கையை எடு." பிறகு வெட்டை முன்பக்கமாக நீட்டினார். முன்சிறுகுடலைத் தேடிப் பிடித்து இடப்பக்கமாகத் தூக்கினார். அதன் சவ்வு மற்றக் குடல் அனைத்தையும் திரைபோல ஒதுக்கிவிட்டது. அடியில் வலது சிறுநீரகம். அதன் பின்முனைக்கு அருகே, அடங்காப்பிடாரி காம்பு. கிளாம்ப், கட்டு, முடிந்தது. நாய் பிழைத்தது. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

இடது காம்பானால் இறங்கு பெருங்குடலை வலப்பக்கமாகத் தூக்க வேண்டும். இந்த இரண்டு அசைவுகளையும் ரத்தம் வரும் நாளில் கற்க முடியாது. எல்லாம் நலமாக நடக்கும் அறுவையில், மூடுவதற்கு முன், இரண்டு பக்கமும் ஒருமுறை மென்மையாகத் தூக்கிக் காம்பைப் பார்த்துவிடுங்கள். ரத்தக் கசிவு உண்டா என்ற சோதனையும் ஆயிற்று, பயிற்சியும் ஆயிற்று. கண்ணை மூடிக்கொண்டு கிளாம்ப் போடாதீர்கள். சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க்குழாய் அங்கேதான் ஓடுகிறது. அதைக் கட்டிவிட்டால் நாய் அன்று பிழைத்துச் சிறுநீரகத்தை இழக்கும்.

காஸ் துண்டுகளைத் தொடக்கத்திலும் மூடுமுன்னும் எண்ணுங்கள். ரத்தம் வந்த நாளில் இருமுறை எண்ணுங்கள்.

கேள்வி: ஒரு நாளில் ஏராளமான அறுவை நடக்கும் கருத்தடை முகாமில் சேர்ந்தால் வேகமாகக் கற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: நல்ல முகாமானால் உண்மை. ஒரே செயலை அடுத்தடுத்த நாட்களில் திரும்பச் செய்வது கைக்கு வேறெங்கும் கிடைக்காத கொடை. மோசமான முகாமானால், தவறான முடிச்சைத் தினமும் பலமுறை பழகி, அதைத் திருத்தவே முடியாதபடி வீடு திரும்புவீர்கள்.

சேருமுன் ஒரு நாள் போய் ஓரமாக நின்று பாருங்கள். ஒவ்வொரு விலங்குக்கும் தனியாகக் கிருமிநீக்கிய கருவிகள் வருகின்றனவா, ஒரே தட்டு நாள் முழுதும் ஓடுகிறதா? வலிமருந்து கொடுக்கிறார்களா? மயக்கம் தெளியும் இடத்தில் மனிதர் இருக்கிறாரா? உங்கள் பக்கத்தில் நிற்கப்போகிறவர் யார், அவர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்வார்? அமெரிக்காவின் காப்பக விலங்கு மருத்துவர் சங்கம் இத்தகைய திட்டங்களுக்கான வழிகாட்டுதலை 2008இல் வெளியிட்டு, 2016இல் புதுப்பித்தது. அதைப் படித்துவிட்டுப் போனால் எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: ஆளில்லாத தெருநாய்கள்மேல் புதியவர்கள் பழகுவது நியாயமா? என் மனம் ஒப்பவில்லை.

பதில்: ஒப்பக் கூடாதுதான். வீட்டு நாய்க்குக் காயத்தைப் பார்க்க ஆள் உண்டு, காயத்தை நக்கவிடாமல் தடுக்கக் கழுத்தில் கூம்பு உண்டு, தையல் பிரிந்தால் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். தெருநாய் சேற்றுக்குத் திரும்புகிறது. ஆகவே சிறந்த முடிச்சும் மிகச் சிறிய வெட்டும் தோலுக்குள் மறைந்து கரையும் தையலும் அதற்குத்தான் தேவை. தேர்ந்தவர் பக்கத்தில் நின்று, வேண்டுமானால் உடனே கையை மாற்றிக்கொள்வார் என்றால் புதியவர் செய்யலாம். எவரும் இல்லாமல், "தெருநாய்தானே" என்று ஒரு மாணவனிடம் கத்தியைக் கொடுப்பவரிடம் நான் பேசுவதே இல்லை.

கேள்வி: சினைப்பையை மட்டும் எடுப்பதா, கருப்பையையும் சேர்த்தா? எதைக் கற்பது?

பதில்: இரண்டையும். நலமான இளம் விலங்குக்குச் சினைப்பை மட்டும் போதும். ஐரோப்பாவில் பல இடங்களில் நெடுங்காலமாக அதுதான் வழக்கம். ஆனால் கருவுற்றதும் சீழ் பிடித்ததும் உங்கள் விருப்பத்தைக் கேட்டு வரப்போவதில்லை. எதைச் செய்தாலும், எடுத்த சினைப்பையைத் தட்டில் வைத்துக் கொழுப்புறையைப் பிரித்து, முழுதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் சில மாதம் கழித்து நாய் மீண்டும் சினைப்பருவத்துக்கு வரும், உரிமையாளரும் வருவார்.

கேள்வி: எத்தனை அறுவை செய்தால் தனியாகச் செய்யலாம்?

பதில்: எண் சொல்ல மாட்டேன். நழுவிய காம்பை நீங்களே தேடி எடுக்க முடியுமா? முடியும் என்றால் சரி.

கேள்வி: ஒரு பெண் நாய்க்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நிர்வாகத்தில் முகம் சுளிக்கிறார்கள்.

பதில்: எங்கே நேரம் போகிறது என்று எழுதி வையுங்கள்: திறக்க எவ்வளவு, முதல் சினைப்பைக்கு எவ்வளவு, மூட எவ்வளவு. பெரும்பாலும் மூடுவதில்தான் போகும். அதை வீட்டில் துணியில் குறைத்துவிடலாம். காம்பில் செலவிடும் நேரத்தை யாருக்காகவும் குறைக்காதீர்கள். மயக்கம் நீள நீள உடல் குளிரும் என்பது உண்மைதான். அதற்கு மருந்து அவசரம் அன்று, அடியில் ஒரு வெப்ப விரிப்பு.

கேள்வி: போன மாதம் நான் செய்த பூனை இரவில் இறந்துவிட்டது. அதன் பிறகு கத்தியைத் தொடவில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை, அம்மா.

பதில்: உடலைத் திறந்து பார்த்தீர்களா? உரிமையாளர் சம்மதித்து, வேறொருவர் பார்த்திருந்தால், முடிச்சா, மயக்கமா, வெளியே தெரியாமல் இருந்த இதய நோயா என்று ஓரளவேனும் தெரிந்திருக்கும். பூனைகளில் அப்படி ஒளிந்திருக்கும் இதயத்தசை நோய் உண்டு. பார்க்காவிட்டால், மயக்கக் குறிப்பையும் உங்கள் நினைவில் இருப்பதையும் எழுதி மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். உரிமையாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லியிருந்தால் உங்கள் பங்கில் பாதியைச் செய்துவிட்டீர்கள்.

பிறகு திரும்புங்கள், ஆனால் கத்தியோடு வேண்டாம். ஒரு வாரம் உதவியாளராக நில்லுங்கள். அடுத்த வாரம் தோல் மட்டும் தையுங்கள். ஆண் பூனைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நான் இடக்கைப் பழக்கமுள்ளவன். எல்லாம் தலைகீழாக இருக்கிறது.

பதில்: வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகும், வெட்டாமல் மெல்லும். இடக்கைக்கான கத்தரிக்கோலும் ஊசிபிடிப்பானும் கிடைக்கின்றன, ஒரு தொகுதி சொந்தமாக வாங்கிவிடுங்கள். மல்லாந்த விலங்கின் வலப்பக்கம் நாங்கள் நிற்கிறோம். நீங்கள் இடப்பக்கம் நில்லுங்கள். சொல்லித் தருபவரை எதிரில் நிற்கச் சொன்னால் அவர் கை உங்களுக்குக் கண்ணாடிபோலத் தெரியும்.