லினக்ஸ் டெஸ்க்டாப்ல பல்ஸ்ஆடியோவும் ஜாக்கும் சண்டை போடாம ஒண்ணா ஓட வழி இருக்கா?

பல்ஸ்ஆடியோ, ஜாக் ரெண்டுமே புரோகிராம்களோட சத்தத்தை வாங்கி சவுண்ட் கார்டுக்கு அனுப்புற சவுண்ட் சர்வருங்க. இந்த நிலைமை எனக்கு அத்துப்படி. பிரவுசர்ல வீடியோ ஓடுது, சத்தம் நல்லா வருது, ரெக்கார்டிங் பண்ணலாம்னு ஜாக்கை ஸ்டார்ட் பண்ண அடுத்த செகண்ட் பிரவுசர் ஊமை. ஜாக்கை நிறுத்துனா சில நேரம் திரும்ப வருது, சில நேரம் ரீபூட் பண்ணாத்தான் வருது. வழி இருக்கு, இப்போ ரொம்ப சுலபமாவே இருக்கு. ஆனா ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்காம கண்ட கமாண்டையும் காப்பி பேஸ்ட் பண்ணா என் கதைதான் உங்களுக்கும், அதைக் கடைசில சொல்றேன்.

மதர்போர்டுலயே வர்ற சவுண்ட் சிப் அனேகமா ஒரு நேரத்துல ஒரு ஸ்ட்ரீமைத்தான் வாங்கிக்கும். பழைய சவுண்ட் பிளாஸ்டர் லைவ் மாதிரி கார்டுல மிக்ஸிங் ஹார்டுவேர்லயே நடக்கும், பத்து புரோகிராம் ஒரே நேரத்துல பேசினாலும் அதுவே கலந்து விட்டுடும். மத்ததுல எல்லாம் கலக்குற வேலையை ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் பண்ணணும், யாரு பண்றதுங்கறதுலதான் இத்தனை வருஷ சண்டையே. லினக்ஸோட பழைய சவுண்ட் டிரைவர் சிஸ்டமான ஓஎஸ்எஸ் காலத்துல கார்டை முதல்ல எவன் திறந்தானோ அவனுக்கே சொந்தம், அடுத்தவனுக்கு ‘டிவைஸ் பிஸி’. அதைச் சமாளிக்க க்னோம் டெஸ்க்டாப் பக்கம் ஈஎஸ்டின்னு ஒரு சவுண்ட் சர்வர், கேடிஈ டெஸ்க்டாப் பக்கம் ஆர்ட்ஸ்னு ஒண்ணு, ரெண்டும் ஒரே மெஷின்ல இருந்தா அதுங்களுக்குள்ளயும் அடிதடி. அப்புறம் லினக்ஸ் கெர்னல் 2.6-ல ஓஎஸ்எஸ்ஸுக்குப் பதிலா ஆல்சாங்கற டிரைவர் சிஸ்டம் வந்துச்சு, அதோட டிமிக்ஸ் பிளக்இன் ஓரளவுக்குக் கலந்து குடுத்துச்சு. பல்ஸ்ஆடியோ 2004-ல ஆரம்பிச்சது, 2007 கடைசில ஃபெடோரா 8, அடுத்த வருஷம் உபுண்டு 8.04-னு லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள்ல டிஃபால்ட்டா வந்து உக்காந்துடுச்சு (வந்த புதுசுல அதைத் திட்டாத ஆளே கிடையாது, நானும் திட்டியிருக்கேன், இப்போ யோசிச்சா பாதிக்குப் பாதி டிரைவர் கோளாறு).

ஜாக் வேற ஜாதி. அது மியூசிக் பண்றவங்களுக்கானது, கிட்டார் கம்பியைத் தட்டுனதும் ஹெட்போன்ல கேக்கணும், தாமதம் சில மில்லி செகண்டுக்குள்ள இருக்கணும். அதனால கார்டை நேரா கைல எடுத்துக்கும், வேற யாரையும் பக்கத்துல விடாது. பல்ஸ்ஆடியோவும் அதே கார்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். ஒரே உறைல ரெண்டு கத்தி எப்படி இருக்கும்? உங்க பிரவுசர் ஊமை ஆகுறது உண்மையில பிழையே இல்ல, ஜாக் வந்து டி-பஸ் (புரோகிராம்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற வழி) வழியா ‘கார்டை விடு’ன்னு கேக்குது, பல்ஸும் மரியாதையா விட்டுட்டு ஒதுங்கிக்குது, அவ்வளவுதான்.

அதனால ரெண்டு பேரையும் கார்டுகிட்ட விடாதீங்க, ஒருத்தர் மட்டும் பிடிச்சுக்கட்டும், மத்தவங்க எல்லாம் அவர் வழியா போகட்டும். முன்னாடி இதை ஜாக்கைக் கீழ வச்சு, ‘மாட்யூல் ஜாக் சிங்க்’னு ஒரு மாட்யூலை பல்ஸ்ல லோட் பண்ணி, பல்ஸோட சத்தத்தை ஜாக்குக்குள்ள கொண்டுபோய் விடுவோம். நல்லாவே வேலை செய்யும், ஆனா ஜாக் கிராஷ் ஆனா எல்லாமே போச்சு.

இப்போ அந்தக் கஷ்டம் வேண்டாம், பைப்வயர்ங்கற புது சவுண்ட் சர்வருக்கு மாறிடுங்க. ஃபெடோரா 34-ல 2021-லயே இதுதான் டிஃபால்ட், உபுண்டுல 22.10-ல இருந்து. கார்டை இது ஒண்ணுதான் பிடிக்கும், ஆனா பல்ஸ் புரோகிராம் வந்தா பல்ஸ் மாதிரி பேசும், ஜாக் புரோகிராம் வந்தா ஜாக் மாதிரி பேசும், ஆல்சா புரோகிராம் வந்தாலும் உள்ள இழுத்துக்கும். இதுக்குன்னு பல்ஸ், ஜாக், ஆல்சான்னு தனித்தனி பேக்கேஜ் இருக்கு, மூணும் போட்டிருக்கான்னு பாருங்க, கூடவே வயர்பிளம்பர். எதை எதோட இணைக்கணும்னு முடிவு பண்றது வயர்பிளம்பர்தான், அது ஓடலைன்னா மத்தது எல்லாம் இருந்தும் சத்தம் வராது. டெபியன்ல ஒரு சின்ன வம்பு, ஜாக் பேக்கேஜைப் போட்டா மட்டும் போதாது, ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை ‘பிடபிள்யூ-ஜாக்’ கமாண்டை முன்னால போட்டுத் திறக்கணும், இல்லைன்னா அது பழைய ஜாக் லைப்ரரியையே தேடிக்கிட்டுப் போகும். பழைய ஜாக் சர்வர் லாகின்லயே தானா ஸ்டார்ட் ஆகுற மாதிரி எப்பவோ வச்சிருந்தீங்கன்னா மறக்காம அதை நிறுத்துங்க, நிறைய பேர் மாட்டுறது இங்கதான்.

தாமதம் பத்தி ஒரு வார்த்தை. பைப்வயர் 48000 ஹெர்ட்ஸ்ல ஒரு தடவைக்கு 1024 சாம்பிள் (சத்தத்தோட குட்டிக் குட்டித் துண்டு) எடுத்தா கிட்டத்தட்ட 21 மில்லி செகண்ட், வீடியோ பாக்க அது தாராளம். ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் வந்து 128 வேணும்னு கேட்டா மொத்தமும் 128-க்கு இறங்கிடும், 2.7 மில்லி செகண்ட். மெஷின் பழசா இருந்தா அப்போ கரகரன்னு வரும், 256-க்கு ஏத்திப் பாருங்க, வித்தியாசம் காதுல பெருசா தெரியாது. நிறைய சேனல் இருக்க யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் வச்சிருந்தா வால்யூம் கண்ட்ரோல்ல கான்ஃபிகரேஷன் பக்கம் போய் ‘புரோ ஆடியோ’ புரொஃபைல் போடுங்க, எல்லா சேனலும் தனித்தனியா தெரியும்.

இப்போ என் கதை. இதெல்லாம் ஒழுங்கா பண்ணிட்டேன், எல்லா புரோகிராம்லயும் சத்தம் வருது, ஒரே ஒரு பழைய பிளேயர்ல மட்டும் வரல, அதைத் திறந்தா சில நேரம் மத்த எல்லாமும் சேந்து போயிடுது. ரெண்டு ராத்திரி உக்காந்து பேக்கேஜை எல்லாம் அழிச்சு அழிச்சுப் போட்டேன், ஒண்ணும் நடக்கல. கடைசில கார்டை யாரு பிடிச்சிருக்கான்னு ‘ஃபியூசர்’ கமாண்ட்ல பாத்தா பைப்வயர் அங்க இல்லவே இல்ல, அந்த பிளேயர்தான் நேரா உக்காந்திருக்கு. ஏன்னா ஹோம் ஃபோல்டர்ல பேருக்கு முன்னால புள்ளி வச்ச ஆல்சா செட்டிங் ஃபைல் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, ‘டிஃபால்ட்னா முதல் கார்டுக்கு நேரா போ’ன்னு உள்ள எழுதியிருக்கு. பல வருஷம் முன்னாடி வேற ஏதோ பிரச்சினைக்காக எங்கிருந்தோ காப்பி பண்ணி நானே போட்டது. டிஸ்ட்ரோவை மூணு தடவை மாத்தியும் ஹோமை மட்டும் அப்படியே தூக்கிட்டு வந்தேன்ல, அதுவும் கூடவே வந்திருக்கு. அந்த ஃபைல் பேரை மாத்திட்டு பிளேயரை மறுபடி திறந்தேன், ரெண்டு நாளா சத்தம் வரலைன்னு வால்யூமை நூத்துல வச்சிருந்தது ஞாபகமே இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு வீடே எழுந்துடுச்சு.