வளைக்குள் ஓடிவிடும் பாலைவன அணில்

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் இரண்டு நாள் சுற்றியும் அணில் வளைக்குள் ஓடுவதை மட்டும்தான் பார்த்தேன் என்கிறீர்கள். சுற்றியதுதான் சிக்கலே. நடப்பதை விட்டுவிட்டு ஒரு வளைக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி, பாறை நிழலில் அசையாமல் உட்காருங்கள். என் அனுபவத்தில் கால் மணி நேரம் போதும், முதலில் மூக்கு எட்டிப் பார்க்கும்.

நீங்கள் பார்த்தது சிப்மங்க் (முகத்திலும் கோடுள்ள சிறு அணில் வகை) இல்லை என்றே நினைக்கிறேன். முகத்தில் கோடு இருந்ததா? இல்லையென்றால் அது வெள்ளைவால் ஆண்டிலோப் அணில். விலாவில் பக்கத்துக்கு ஒரு வெள்ளைக்கோடு இருக்கும், நம்மூர் அணிலுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. வாலை முதுகின்மேல் குடையாக மடித்துக்கொண்டு ஓடும். வாலின் வெள்ளை அடிப்பக்கம் வெயிலைத் திருப்பிவிடும். உடல்சூடு 40 டிகிரியைத் தாண்டினாலும் தாங்கும். பிறகு நிழலான தரையில் வயிற்றை அப்பிப் படுத்து சூட்டை இறக்கும். படமெடுக்க அதுதான் நேரம். குளிர்காலத்திலும் இது உறங்கிக் கிடப்பதில்லை, அதனால் டிசம்பரில் போனாலும் பார்க்கலாம்.

கடலை மட்டும் போடாதீர்கள், அங்கே தீனி போடுவது சட்டப்படி குற்றம். வளைக்குள் கையும் விடவேண்டாம். சலங்கைப் பாம்பும் (வாலை ஆட்டிச் சலசலக்கும் விஷப்பாம்பு, rattlesnake) அங்கேதான் ஒதுங்கும்.