அம்ஜத் இஸ்லாம் அம்ஜத்: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பாகிஸ்தான் உருதுக் கவிஞர், டிவி நாடக எழுத்தாளர் அம்ஜத்தை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு கேட்டிருந்தீங்க. உருது எழுத்து படிக்க வராது, ஹிந்தி காதால கேட்டா புரியும், அவரோட கஸல் (ஈரடி ஈரடியா வர்ற உருதுக் கவிதை) தொகுப்புல நாலு பக்கம் தாண்ட முடியலன்னு எழுதியிருந்தீங்க. கஸலை இப்போதைக்கு ஓரமா வைங்க. முதல்ல 'வாரிஸ்' பாருங்க, யூடியூப்ல கிடைக்குது. 1979 கடைசியில லாகூர் பிடிவில (பாகிஸ்தான் அரசு டிவி) ஆரம்பிச்ச சீரியல், அம்ஜத் எழுதினதுலயே அதிகம் பேசப்பட்டது இதுதான்.

கதை இதுதான், அணை கட்டப் போறாங்க, சிக்கந்தர்பூர் கிராமம் தண்ணிக்குள்ள போகணும், ஆனா ஜமீன்தார் சௌத்ரி ஹஷ்மத் ஹவேலியை (மாளிகை வீடு) விட்டு நகர மாட்டேங்குறாரு, குடும்பத்துக்குள்ள வாரிசுச் சண்டை வேற. நடிகர் மெஹ்பூப் ஆலம் அந்த ஜமீன்தார் ரோல்ல பேசுறப்ப நிறுத்தி நிறுத்தி கேளுங்க. வில்லனுக்குக்கூட இவ்வளவு கம்பீரமா வசனம் எழுதினதுக்கு அம்ஜத் கவிஞரா இருந்தது ஒரு காரணம்னு நான் உறுதியா நம்புறேன்.

பேச்சு காதுல பழகினதும் அவரோட நஸ்ம் (ஒரே விஷயத்தைத் தொடர்ச்சியா சொல்ற கவிதை) பக்கம் வாங்க. ரேக்தாங்கிற உருதுக் கவிதை சைட்ல தேவநாகரியிலயும் இருக்கு, உங்களுக்கு ஹிந்தி எழுத்து தெரிஞ்சா போதும். 'அகர் கபீ மேரீ யாத் ஆயே' மொதல்ல படிங்க, வாய்விட்டுப் படிங்க, ரொம்ப எளிமையான வார்த்தைங்கதான், ஆனா மனசை என்னமோ பண்ணிடும்.

ஆள் லாகூர்க்காரர், 1944ல பிறந்து 2023 பிப்ரவரில அங்கயே காலமானவர், காலேஜ்ல உருது வாத்தியார். பாடம் நடத்துற அந்தத் தெளிவு எழுத்துலயும் இருக்கும், அதனால பயப்படாதீங்க. 'வாரிஸ்' முடிச்சிட்டு 'தெஹ்லீஸ்' பாருங்க, அதுவும் இவர் எழுதினதுதான்.